முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக

ஹியூஸ்டனிலிருந்து மேற்கே ஒரு மணி நேரம் காரோட்டினால் வரும் சிற்றூர் ஒன்றில் நானும் கணவரும் பெட்ரோல் பங்க்கும் அதை ஒட்டிய மளிகைக் கடையும் நடத்திவருகிறோம். இரவு பத்து மணிக்குக் கடையை அடைத்துவிட்டு, அன்றைய ரொக்கத்தைக் கொண்டுபோய் வங்கிச் சுவரில் பதித்திருக்கும் இரவுப் பெட்டியில் போடுவது பெரும்பாலும் என் பொறுப்பு. எங்களைப் போலவே கடை வைத்திருந்த ஒருவரைப் பக்கத்து ஊரில் அப்படிப் பணம் போடப் போன இடத்தில் மறித்து, அடித்துப் பறித்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகுதான் நான் கைத்துப்பாக்கி உரிமம் வாங்கினேன். ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்த ஆறு ஆண்டுகளில் பயிற்சிக் களத்துக்கு வெளியே அதை ஒருமுறைகூட நான் எவர் முன்னும் உருவியதில்லை. அப்படியே காலம் கழிந்துவிட வேண்டும் என்பதே என் வேண்டுதலும்.

ஊரிலிருந்து பேசும் உறவினர்களுக்கு இந்தச் செய்தி எப்படியோ தெரிந்துவிட்டது. அவர்கள் கேட்பவை இரண்டே கேள்விகள்: யாரையாவது சுட்டிருக்கிறாயா, பயமாக இல்லையா. இரண்டுக்கும் 'இல்லை' என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிடலாம் என்றாலும், இரண்டாவதற்கு அது முழு உண்மையாகாது. கழிப்பறைக்குப் போனால் அதை எங்கே வைப்பாய் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நாள்தோறும் நான் விடை தேட வேண்டியிருக்கும் கேள்வி அதுதான்.

துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எந்தப் பக்கம் நின்று பேசினாலும் ஆபத்து நேரும் அந்தச் சில நொடிகளைப் பற்றியே பேசுகிறார்கள். அது இடுப்பில் இருக்கும் மற்ற நேரமெல்லாம், அதாவது செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பால் பெட்டிகளை அடுக்கும்போதும், பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்திருக்கும்போதும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் காத்திருக்கும்போதும் அது என்ன செய்கிறது என்பது அந்தப் பேச்சுகளில் வருவதே இல்லை. எனக்குத் தெரிந்த துப்பாக்கி அந்தச் செவ்வாய்க்கிழமைத் துப்பாக்கிதான்.

நான் உரிமம் வாங்கிய காலத்தில் டெக்சஸில் வெளியே மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் கட்டாயமாக இருந்தது. நான்கு முதல் ஆறு மணி நேர வகுப்பு, ஓர் எழுத்துத் தேர்வு, பிறகு சுடும் தேர்வு. மூன்று கெஜத்தில் 20, ஏழு கெஜத்தில் 20, பதினைந்து கெஜத்தில் 10 என மொத்தம் 50 தோட்டாக்கள் சுட வேண்டும். 250 மதிப்பெண்ணுக்கு 175 எடுத்தால் தேர்ச்சி. சட்டம் எந்த இடத்தில் அனுமதிக்கிறது, எங்கே தடுக்கிறது, சண்டையிலிருந்து எப்படி விலகி வருவது என்றெல்லாம் வகுப்பில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். எந்தக் கால்சட்டை வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, வேறு சட்டத்தடை ஏதும் இல்லாத எவரும் உரிமம் இல்லாமலே எடுத்துச் செல்லலாம் என்று இங்கே சட்டம் மாறிவிட்டது. ஆக, அந்த வகுப்பில்கூட உட்காராதவர்கள் இப்போது எத்தனையோ பேர்.

கால்சட்டையிலிருந்தே தொடங்குகிறேன். என்னிடம் இருப்பது சிறிய ரகம். 2018இல் சிக் சாவர் நிறுவனத்தின் பி365 வந்த பிறகு, உள்ளங்கைக்குள் ஏறக்குறைய அடங்கிவிடும் உருவத்தில் பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் துப்பாக்கிகள் பெருகின. அதற்கு முன் அந்தப் பருமனில் ஆறோ ஏழோதான் கிடைக்கும். தோட்டாக்கள் நிரப்பி நிறுத்தால் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். கையில் வாங்கிப் பார்த்தால் ஒன்றும் பெரிய கனமில்லை. ஆனால் அதையே இடுப்பின் ஒரே புறத்தில் பன்னிரண்டு மணி நேரம் தொங்கவிட்டுப் பாருங்கள். சாதாரண பெல்ட் ஒரு வாரத்தில் வளைந்து சுருண்டுவிடும். அதற்கென்றே உள்ளே விறைப்பான பட்டை வைத்துத் தைத்த பெல்ட் வேண்டும். அந்த பெல்ட் நுழையும் அளவுக்கு அகலமான வளையங்கள் கால்சட்டையில் வேண்டும். பெண்களுக்கென்று கடையில் விற்கும் கால்சட்டைகளில் பாதிக்குப் பை இருக்காது, மீதிக்கு வளையம் இருக்காது. இரண்டும் இருந்தால் துணி கையால் இழுத்தாலே கிழியும்போல இருக்கும். உறையை இடுப்புக்கும் துணிக்கும் நடுவே செருகுவதால் இடுப்பளவு ஓர் அங்குலமாவது கூடுதலாக வாங்க வேண்டும். அப்படி வாங்கிய கால்சட்டை, துப்பாக்கி இல்லாத நாளில் நழுவும். ஆகவே என் அலமாரியில் இரண்டு விதமான இடுப்புகளுக்கு இரண்டு அடுக்குகள் இருக்கின்றன.

உறை விஷயத்தில் ஆண்கள் சொன்ன யோசனைகளைக் கேட்டு நான் வீணடித்த பணத்துக்குக் கணக்கில்லை. இங்கே இடுப்பைக் கடிகார முகமாக வைத்துத்தான் இடம் சொல்வார்கள்: தொப்புள் பன்னிரண்டு மணி, வலது இடுப்பெலும்பு மூன்று மணி. பயிற்சியாளர் நான்கு மணியில் வைக்கச் சொன்னார். பெண்ணின் இடுப்பு விரியும் இடமும் அதுதான் என்பதால் அங்கே வைத்த துப்பாக்கியின் பிடி நேராக நிற்காமல் உள்நோக்கிச் சாய்ந்து விலாவில் குத்தியது. ஒரு மணிக்கு நகர்த்தினேன். நிற்கும்போது இருப்பதே தெரியவில்லை. உட்கார்ந்தால் குழல் தொடையை அழுத்துகிறது, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் பிடி வயிற்றை அழுத்துகிறது. வெண்பொங்கல் சாப்பிட்ட காலையில் அது படுத்தும் பாடு எனக்குத்தான் தெரியும். தோல் உறை வியர்வையில் ஊறித் தொய்ந்தது. கைடெக்ஸ் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் உறை தொய்யாது. ஆனால் அதன் விளிம்பு தோலை அறுக்கும். மூடி தொலைந்த டப்பாக்கள் சமையலறையில் சேர்வதுபோல, ஒத்துவராத உறைகள் ஒரு அட்டைப்பெட்டி நிறையச் சேர்ந்துவிட்டன. துப்பாக்கி எடுத்துச் செல்கிற எவரிடம் கேட்டாலும் அப்படி ஒரு பெட்டி வீட்டில் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

இத்தனை தொல்லைக்கு உறையே வேண்டாம், இடுப்பில் அப்படியே செருகிக்கொள்ளலாமே என்று நினைப்பவர்களுக்கு, நியூயார்க் அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்சிகோ பர்ரெஸின் கதை போதும். 2008 நவம்பரில் ஒரு இரவு விடுதிக்கு அவர் தொளதொளத்த கால்சட்டையின் இடுப்புப் பட்டியில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு போனார். அது காலுக்குள் நழுவ, பிடிக்கப் போனபோது விசை அழுந்தித் தன் தொடையையே சுட்டுக்கொண்டார். அந்த மாநிலத்தில் அவரிடம் உரிமமும் இல்லை என்பதால் சிறைக்கும் போனார். உறை என்பது விசையை மூடி வைக்கும் கவசம். இடுப்பில் நிற்கவைப்பது அதன் இரண்டாவது வேலைதான்.

மறைத்து வைப்பதென்றால் சட்டைக்கு மேல் அதன் வடிவம்கூடப் புடைத்துத் தெரியக்கூடாது. 'பிரிண்ட் ஆகிறது' என்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் நம் ஊர்க் குர்தி கைகொடுக்கும் என்று நம்பி, சென்னையிலிருந்து வரும் தோழியிடம் சொல்லி ஆறு குர்திகள் வரவழைத்தேன். நீளமான, சற்றே தளர்ந்த, பூப்போட்ட பருத்தித் துணி. பூக்கள் நெருக்கமாக இருந்தால் புடைப்பு கண்ணில் படாது. முதல் நாள் அணிந்துகொண்டு கண்ணாடி முன் நின்றபோதுதான் பக்கவாட்டு வெட்டு சரியாக இடுப்பில் தொடங்குவதைக் கவனித்தேன். கையை உயர்த்தினால் அந்த வெட்டு விரிந்து, கறுப்பான பிடி ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பதுபோல் வெளியே தெரிந்தது. ஆறு குர்திகளின் வெட்டையும் நான்கு விரல் அளவுக்குக் கீழே இறக்கித் தைத்தேன். நீளத் துணி என்பதால் அவசரத்தில் அதைத் தூக்கி எடுக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பது தனிக்கணக்கு.

கடையில் நான் குனிவதில்லை. குனிந்தால் முதுகுப்புறத் துணி இழுபட்டு முன்பக்கம் புடைப்பு தெரியும். பிடியும் விலாவில் ஏறும். ஆகவே கீழ்த்தட்டில் பிஸ்கட் அடுக்குவதானாலும், விழுந்த சில்லறையைப் பொறுக்குவதானாலும் முதுகை நிமிர்த்திக்கொண்டு, கரகம் தலையில் இருப்பதைப் போல் முழங்காலை மடக்கியே இறங்குகிறேன். மேல்தட்டில் இருப்பதை வலது கையால் எட்டி எடுப்பதில்லை, ஏணி போட்டுக்கொள்கிறேன். எனக்கு முழங்கால் தேய்மானம் என்று வாடிக்கையாளர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். வாரம் தவறாமல் வரும் ஒரு முதியவர் அக்கறையோடு தாம் தடவும் களிம்பின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதை வாங்கிவைத்துக்கொண்டு நன்றி சொன்னேன், வேறென்ன செய்ய?

டெக்சஸ்காரர்கள் கட்டித் தழுவுவதில் தாராளமானவர்கள். தேவாலயத்திலிருந்து நேரே கடைக்கு வரும் பெண்கள் கல்லாவைச் சுற்றி உள்ளே வந்தே அணைத்துக்கொள்வார்கள். நான் இடது தோளை முன்னே கொடுத்து, வலது முழங்கையால் இடுப்பை மறைத்து, அரைகுறையாக ஒரு தழுவல் கற்றுவைத்திருக்கிறேன். பெரியவர்களைச் சமாளித்துவிடலாம். ஆறேழு வயதுப் பிள்ளைகளின் தலை சரியாக நம் இடுப்பு உயரத்துக்கு வருகிறது என்பதையும், அவர்கள் ஓடிவந்துதான் கட்டிக்கொள்வார்கள் என்பதையும் நான் முன்பு கவனித்ததே இல்லை. தோழி மகன் ஒருநாள் அப்படி வந்து மோதி, நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "ஆன்ட்டி, இங்க என்ன கல்லு வச்சிருக்கீங்க?" என்று கேட்டான். சுற்றிலும் ஆள்கள். இன்சுலின் கருவி என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். அது ஊர் முழுக்கப் பரவி, அடுத்து வந்த பொங்கல் விருந்தில் எல்லோர் தட்டிலும் சர்க்கரைப் பொங்கல் விழுந்தது. என் தட்டில் மட்டும் ஒரு ஆப்பிள் துண்டு வைத்தார்கள். அந்தப் பொய்யை இன்றுவரை திரும்ப வாங்க முடியவில்லை.

இனிக் கழிப்பறை. வீட்டில் சிக்கல் இல்லை. பொதுக் கழிப்பறையில், அதிலும் இந்த நாட்டின் தடுப்புகள் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் நிற்கும் கழிப்பறையில், பெல்ட்டை அவிழ்த்த நொடியில் முக்கால் கிலோவும் ஒருபுறமாகச் சரிந்து கால்சட்டையை இழுத்துக்கொண்டு தரைக்குப் போகும். பக்கத்து அறையில் இருப்பவருக்கு அது நன்றாகத் தெரியும். கதவுக் கொக்கியில் மாட்டக்கூடாது. விசைக் காப்பு வளையத்துக்குள் கொக்கி நுழைவதைப் போன்ற ஆபத்து வேறில்லை. காகிதச் சுருள் பெட்டியின் மேல் வைக்கக்கூடாது, மறந்துவிட்டு வந்துவிடுவோம். எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது: உறையிலிருந்து எடுக்கவே கூடாது; கால்சட்டையை முழங்காலுக்குச் சற்று மேலே நிறுத்தி, பெல்ட்டைத் திரும்பவும் மாட்டி, இரண்டு தொடைகளுக்கும் நடுவே அது ஒரு தொட்டிலாகத் தொங்க, அதற்குள் துப்பாக்கி உறையோடு கிடக்க வேண்டும். முழங்கால்களை விரித்து அந்தத் தொட்டிலை இறுக்கியே வைத்திருக்க வேண்டும். நாளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லும் மருத்துவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது.

மறந்துவிட்டு வருவது கற்பனை பயமில்லை. 2015இல் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் காவலர்களே தங்கள் துப்பாக்கிகளைக் கழிப்பறைகளில் விட்டுவிட்டு வந்தது செய்தியானது. அவற்றில் ஒன்றைக் கண்டெடுத்தது ஒரு சிறு குழந்தை. எங்கள் கடைக் கழிப்பறையிலும் ஒருமுறை அது நடந்தது. துடைக்கப் போன நான், காகிதப் பெட்டியின் மேல் ஒரு துப்பாக்கி, பக்கத்தில் ஒழுங்காக மடித்த மூக்குக்கண்ணாடி என இரண்டையும் பார்த்தேன். கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றேன். கால் மணி நேரம் கழித்து ஒரு லாரி ஓட்டுநர், முகத்தில் ரத்தமே இல்லாமல் ஓடிவந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை; கதவைத்தான் பார்த்தார். கண்ணாடியும் உள்ளேதான் இருக்கிறது என்று சொன்னேன்.

அடுத்தது கதவுகள். இங்கே நான் ஒரு கடைக்குள் நுழையும் முன் படிப்பது திறந்திருக்கும் நேரத்தை அல்ல. '30.06' என்ற எண் எங்காவது தெரிகிறதா என்றுதான் பார்ப்பேன். அது டெக்சஸ் தண்டனைச் சட்டத்தின் ஒரு பிரிவு. அந்தப் பிரிவின் வாசகத்தை ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும், ஓர் அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில், பின்னணியிலிருந்து வேறுபட்டுத் தெரியும் நிறத்தில் உரிமையாளர் வாசலில் வைத்திருந்தால், உரிமம் உள்ளவரும் மறைத்த துப்பாக்கியோடு நுழையக்கூடாது. வெளிப்படையாகக் கொண்டுவருவதைத் தடுப்பது 30.07. உரிமம் இல்லாதவரைத் தடுக்கும் பலகை வேறு, 30.05. மதுவை அங்கேயே குடிக்க விற்பதில் வருமானத்தின் பாதிக்கு மேல் பெறும் இடங்களில் சிவப்பில் பெரிதாக '51%' என்று எழுதிய பலகை இருக்கும். அங்கே எடுத்துப்போவது கடுமையான குற்றம். பள்ளிக் கட்டடத்துக்குள் கூடாது. உரிமம் உள்ளவர் காரில் வைத்துக்கொண்டு பள்ளி வாசலில் காத்திருக்கலாம். வாக்குச்சாவடியில் கூடாது, நீதிமன்றத்தில் கூடாது. அஞ்சலகம் நடுவண் அரசின் கீழ் வருவதால் அதன் விதி வாகன நிறுத்தத்தையும் சேர்த்தே தடுக்கிறது. இதை எதிர்த்து வழக்குகள் நடந்திருக்கின்றன என்றாலும் சோதனை எலியாக எனக்கு விருப்பமில்லை. தபால்தலை வாங்க வேண்டுமானால் சாலையின் எதிர்ப்புறம் காரை நிறுத்திவிட்டு, துப்பாக்கியைக் காருக்குள் பூட்டிவிட்டு நடந்து போகிறேன்.

காருக்குள் பூட்டுவது என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன். இருக்கையின் அடித்தண்டில் எஃகுக் கம்பியால் கட்டிய ஒரு சிறு இரும்புப் பெட்டி இருக்கிறது. வாகன நிறுத்தத்தில் நின்றுகொண்டு இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுத்தால் பார்ப்பவர்கள் காவல்துறைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவார்கள். நானாக இருந்தாலும் சொல்வேன். ஆகவே போகுமிடத்துக்கு ஒரு தெரு முன்பே நிறுத்தி, ஸ்டியரிங்கின் கீழே குனிந்து, உறையோடு சேர்த்தே கழற்றி, பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சட்டையைச் சரிசெய்துகொண்டு போக வேண்டும். திரும்பியதும் அதே வேலை தலைகீழாக. மருத்துவமனை, அஞ்சலகம், பள்ளி என்று மூன்று இடங்கள் இருந்த ஒரு நாளில் ஆறுமுறை அதைத் தொட்டிருக்கிறேன். தொடாத துப்பாக்கி தானாக வெடிப்பதில்லை. ஒவ்வொரு முறை தொடும்போதும் தவறு நேர ஒரு வாய்ப்பு. ஆகஸ்ட் வெயிலில் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து எடுக்கும்போது அது தோசைக்கல்லாகக் காய்ந்திருக்கும். அதை வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இதில் எனக்கு எப்போதும் உறுத்துவது ஒன்று உண்டு. டெக்சஸில் மறைத்து எடுத்துச் செல்லும் உரிமை பிறந்ததே காரில் விட்டுவந்த ஒரு துப்பாக்கியால். 1991 அக்டோபர் 16 அன்று கில்லீன் நகரின் லூபீஸ் உணவகத்தில் ஒருவன் பிக்கப் வண்டியை ஜன்னல் வழியே உள்ளே செலுத்தி 23 பேரைச் சுட்டுக் கொன்றான். பெற்றோரோடு அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த சூசன்னா ஹப், அன்றைய சட்டத்துக்குப் பயந்து தம் துப்பாக்கியைக் காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். தாய், தந்தை இருவரும் அங்கேயே இறந்தனர். அவர் சட்டமன்றக் குழுக்களின் முன் போய்ச் சாட்சி சொல்லிச் சொல்லி, 1995இல் சட்டம் நிறைவேறி, 1996 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பெட்டியின் பூட்டைத் திருகும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது. பலகை வைக்கும் உரிமையாளர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. என் கடைக்குள் யார் எதை எடுத்துவர வேண்டும் என்பதை நானும்தான் முடிவு செய்ய நினைப்பேன்.

ஹியூஸ்டனின் புழுக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மே முதல் அக்டோபர் வரை சென்னை என்றே வைத்துக்கொள்ளலாம். ஊரே மெல்லிய ஒற்றைச் சட்டையில் திரியும்போது நான் உள்ளே ஒரு பனியன், மேலே ஒரு குர்தி. வியர்வை உப்பு இரும்பைத் தின்னும். முதல் கோடையில் திருகாணித் தலைகளில் செம்புள்ளிகள் பூத்ததைப் பார்த்த பிறகு வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் போடுகிறேன். பஞ்சும் நூலும் பூந்தூளும் எங்கிருந்துதான் வந்து உள்ளே சேருமோ தெரியாது. குர்தியின் மஞ்சள் நூல் ஒன்றைக் குழலுக்குள்ளிருந்து இடுக்கியால் உருவியிருக்கிறேன்.

புடவை கட்டும் நாளில் எடுத்துச் செல்வதில்லை. கொசுவத்துக்குள் செருகலாமா என்று ஒரு தோழி விளையாட்டாகக் கேட்டாள். பாவாடை நாடா தாங்காது. கைப்பையில் வைப்பவர்கள் உண்டு. 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்துக் கடையொன்றில், இரண்டு வயது மகன் தாயின் கைப்பையைத் திறந்து துப்பாக்கியை எடுக்க, அது வெடித்துத் தாய் இறந்துபோனார். அதைப் படித்தவளுக்குக் கைப்பையை நம்ப மனம் வராது. ஆகவே பேர்லண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போகும் நாளிலும் கல்யாணத்துக்குப் போகும் நாளிலும் அது வீட்டுப் பெட்டகத்தில் தூங்குகிறது. அந்த நாள்களில் இடுப்பு லேசாக, உடம்பு ஒருபுறம் மிதப்பதுபோல் இருக்கும். கை அவ்வப்போது அங்கே போய்த் தொட்டுப் பார்த்துத் திடுக்கிடும்.

விமானப் பயணத்தில் நான் எடுத்த முடிவு எளியது: துப்பாக்கி ஒருமுறை ஏறிய பை விமானத்தில் ஏறாது. 2023இல் அமெரிக்க விமான நிலையங்களின் சோதனை வாயில்களில் பிடிபட்ட துப்பாக்கிகள் 6,737. அவற்றில் பெரும்பாலானவை தோட்டா நிரம்பியவை. கொண்டுவந்தவர்களில் பலர் மறந்துவிட்டேன் என்றுதான் சொல்கிறார்கள். முன்பெல்லாம் அதைக் கேட்டுச் சிரிப்பேன். இப்போது நம்புகிறேன்.

கோபப்படுவதை நிறுத்தியதும் தொல்லைகளில் சேருமா என்று தெரியவில்லை. லாட்டரிச் சீட்டில் ஒரு டாலர் குறைந்துவிட்டது என்று வாடிக்கையாளர் ஒருவர் என் நாட்டையும் நிறத்தையும் இழுத்துக் கத்தியபோது, வாய் நிறைய விடை வந்தும் விழுங்கிவிட்டு இரண்டு டாலராகக் கொடுத்து அனுப்பினேன். இடுப்பில் அது இருக்கையில் தொடங்கும் எந்தச் சண்டையும் துப்பாக்கி இருக்கும் சண்டைதான், அது என் துப்பாக்கியே என்றாலும். விருந்துகளில் கணவர் இரண்டாவது கோப்பையை எடுக்கும்போது காரோட்டப்போவது யார் என்பதும் முடிவாகிவிடும்.

என் தாத்தாவிடமும் ஒரு துப்பாக்கி இருந்தது. தேனி பக்கம் மலையடிவாரத் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்காக, 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் பெற்ற ஒற்றைக்குழல். தேர்தல் அறிவிப்பு வந்தால் அதைப் பழைய வேட்டியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்கு நடப்பார். ஒப்படைத்த சீட்டை வாங்கி, சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைப்பார். எண்ணிக்கை முடிந்த பிறகு போய் வாங்கிவருவார். வழியில் பார்ப்பவர்கள் எல்லாம், "என்ன மாமா, எலெக்ஷனா?" என்பார்கள். அவர் துப்பாக்கி ஊருக்கே தெரியும். அந்த வெளிச்சத்தைத்தான் நான் மிகவும் பொறாமையோடு நினைத்துக்கொள்கிறேன்.

சென்ற ஐப்பசியில் அம்மா ஆறு மாதம் தங்க வந்தார். வருகையாளர் விசாவில் வருகிறவர்கள் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கவே இந்த நாட்டுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. எச்1பி விசாவில் இருக்கும் என் மைத்துனர், "ஒரு தடவை பிடிச்சுப் பாக்கட்டுமா அண்ணி?" என்று கேட்டபோதும் மறுத்திருக்கிறேன். ஆகவே பெட்டகத்தின் எண்ணை மாற்றி, அம்மா கண்ணில் படாமல் மாட்டவும் கழற்றவும் விடியலில் எழுந்தேன். தீபாவளிக்குப் புடவை கட்டிவிட வந்தவர், வலது இடுப்பில் கட்டைவிரல் நீளத்துக்குக் கறுத்துக் காய்த்திருந்த தடத்தைப் பார்த்துவிட்டார்.

"ஜீன்ஸை இப்படி இறுக்கிப் போடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. இன்சுலின் கருவிப் பொய்யே இன்னும் தீரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கொசுவத்தை மடித்துக்கொண்டே கேட்டார். நடுவில் ஒருமுறைதான் கை நின்றது. பிறகு, "சாமி கும்பிடறப்பவும் இருக்குமா?" என்றார். இல்லை என்றேன். தம் புடவையைச் சற்று விலக்கி, ஐம்பது வருடப் பாவாடை நாடாவின் கறுப்புக் கோட்டைக் காட்டினார். அதற்குக் கீழே, சிறுவயதில் குடம் சுமந்த பக்கத்தில், இன்னொரு தடம். ராத்திரி கழட்டி வைத்ததும் தடவு என்று சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெயைக் கிண்ணத்தில் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

தடவுகிறேன். காலையில் மாட்டும் முன் அந்த இடத்தை மட்டும் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவ வேண்டியிருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் உறை வழுக்குகிறது.